உப்புத்தாள் படாத பித்தளை

தினேஷ்,

நேற்று நீ போனில் கத்திய கத்தல் இன்னும் காதிலேயே நிற்கிறது. "கல்யாணம் நின்னு போச்சு. இப்ப உனக்கு நிம்மதியா? நீ ஒரு அம்மாவா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் கண் நாலு வரியாவது படித்துவிடும். அந்த நாலு வரிக்குள் உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான்தான் நிறுத்தினேன். உனக்குப் பேசிய பெண் சுகன்யா உன்னைப் பற்றித் தெரிந்துகொண்டது என் வாயால்தான். இனி நீ கிழித்தாலும் பரவாயில்லை. கிழிக்காமல் வைத்திருந்தால், நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ அதை இத்தனை பேரிடம் இத்தனை விதமாகச் சொல்லிவிட்டாய், எது நிஜம் என்பது உனக்கே மறந்திருக்கும்.

மாரியை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது நீ. உன் பக்கம் எழுத வேண்டியதை மறைக்க மாட்டேன். ஒரகடத்தில் கார்க் கண்ணாடி செய்கிற கம்பெனியில் நீங்கள் இருவரும் ஒரே லைனில் கான்ட்ராக்ட்டில் இருந்தீர்கள். அவன் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஹாஸ்டலில் ஓர் அறையில் ஏழெட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு, கிடைத்ததைத் தின்றுகொண்டு, கடைசியில் மஞ்சள்காமாலையில் விழுந்தான். நீ அவனை வண்டியின் பின்னால் உட்காரவைத்து, மயங்கி விழுந்துவிடாமல் இருக்கத் துண்டால் உன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சேரப்பணஞ்சேரியில் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். "அங்க கஞ்சி வெச்சுக் குடுக்கக்கூட ஆளு இல்லமா. நம்ம வூட்லயே கெடக்கட்டும்" என்றாய். நான் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவி, அப்பன் இல்லாமல் வளர்த்த பிள்ளை நீ. அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு வந்த பெருமையை உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். நீ பின்னால் செய்ததையெல்லாம்கூட ஒருவேளை பொறுத்துவிடுவேன். அந்தப் பெருமையை எனக்குக் கொடுத்துவிட்டுப் பிடுங்கினாயே, அதைப் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் கான்ட்ராக்ட் ஆட்களை மொத்தமாக நிறுத்தினார்கள். மாரி ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தான். செல்போனில் யாரோ வெளிநாட்டுக்காரர் அக்ரிலிக் கட்டையைக் கடைந்து பேனா செய்வதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். செய்யலாம் என்ற எண்ணம் அவனுக்கு வந்தது, விற்கலாம் என்ற எண்ணம் உனக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, படப்பை ஊரில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து சின்னக் கடைசல் லேத் ஒன்றை வாங்கி இறக்கினீர்கள். ஆரம்பத்தில் துளை போட்டதில் பாதிக் கட்டை வீணானது. டிரில்லை ஒரே மூச்சாக இறக்கினால் சூட்டில் அக்ரிலிக் இளகும், சுருள் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், கட்டை விரிசல் விடும். கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, சுருளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும் என்பதைக் கட்டைகளை உடைத்து உடைத்துத்தான் இருவரும் கற்றீர்கள். எனக்கு நீங்கள் கொடுத்த வேலை அதற்கு அடுத்தது. அந்தத் துளைக்குள் போகும் பித்தளைக் குழாய் கடையிலிருந்து வரும்போது கண்ணாடி மாதிரி மின்னும். அந்த வழவழப்பில் பசை பிடிக்காது. உப்புத்தாளில் உருட்டி உருட்டி மினுமினுப்பைச் சாகடித்தால்தான் பிடிக்கும். அக்ரிலிக்கின் ஊடே பித்தளை மஞ்சளாகத் தெரியாமல் இருக்கத் துளைக்குள் கட்டையின் நிறத்திலேயே பெயின்ட் பூசிக் காயவைக்க வேண்டும். அப்புறம் குழாயின் இரண்டு வாயையும் மெழுகால் அடைத்து, இரண்டு டியூப் பசையைச் சமமாகக் கலந்து, குழாயின் மேலும் துளையின் உள்ளேயும் தடவி, திருகித் திருகி உள்ளே தள்ள வேண்டும். தள்ளியபின் மறுநாள் வரை தொடக் கூடாது. "ஒட்டுன அன்னைக்கே லேத்துல ஏத்துனா அது பேனா இல்லம்மா, வேட்டு" என்பான் மாரி. நீ சிரிப்பாய். "இவன் பேனாவுக்கே ஜாதகம் பாப்பான்மா" என்பாய்.

ஏதோ ஒரு கம்பெனியில் ரிட்டயர் ஆகிறவர்களுக்குக் கொடுக்கப் பேனா வேண்டும் என்று பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடித்துவந்தாய். மாரி ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்த நேரம். அவன் திரும்பி வருவதற்குள் கட்டைகளைத் தயார் செய்து வைக்கிறேன் என்று நீ அவனிடம் போனில் சொன்னதை நான் கேட்டேன். ஆனால் நீ நண்பர்களோடு கிரிக்கெட் மேட்ச், சினிமா என்று சுற்றினாய். மாரி வருகிற அன்று காலையில்தான் ஷெட்டுக்குள் போனாய். மதியம் அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் நேராக லேத்துக்குப் போனான். நான் பின்வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "எப்பல ஒட்டுன?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. "நேத்தே ஒட்டிட்டன்டா. காஞ்சி கல்லாட்டம் கீது. ஏத்து" என்று நீ சொன்னதும் விழுந்தது. குழாய் எதுவும் தேய்ப்பதற்கு என்னிடம் வரவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. நீயே தேய்த்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். முகத்துக்கு மாட்டும் ஷீல்டு உங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதை நீ மாட்டிக்கொண்டு, முன்பே கடைந்த பேனாக்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய். ஷீல்டு இல்லாமல் உளியைப் பிடிக்கக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் ஆர்டர் தலைக்கு மேல் நின்றது, நேற்றே ஒட்டியது என்று நீ சொல்லியிருந்தாய். அவன் உன்னை நம்பினான்.

தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மாரி கத்தவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஓடிவந்து பார்த்தால் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிற்கிறான். விரலிடுக்கில் ரத்தம். லேத் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீதான் ஆட்டோ கூப்பிட்டாய், நீதான் அவனைத் தூக்கினாய். அதையும் எழுதுகிறேன். தாம்பரத்தில் காட்டி, அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுபோனாய். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சாயங்காலம் போன் செய்தாய். உன் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் மாரிக்காக என்றுதான் நான் நினைத்தேன்.

போன் வந்தபிறகு ஷெட்டைக் கழுவப் போனேன். மூலையில் கிடந்த உடைந்த கட்டையை அப்போதுதான் எடுத்தேன். கருநீலத்தில் வெள்ளை அலை ஓடிய கட்டை, நீளவாக்கில் பிளந்திருந்தது. பாதிக் கட்டையில் குழாய் இன்னும் இருந்தது. சுண்டுவிரலால் தள்ளினேன், சறுக்கிக்கொண்டு கையில் விழுந்தது. நான் எத்தனையோ குழாய் தேய்த்தவள், ஒரு பார்வை போதும். அதில் உப்புத்தாள் பட்டதே இல்லை. முகம் பார்க்கலாம் போல மின்னியது. பசை இரண்டு வாயிலும் மட்டும் மோதிரம் மாதிரி வட்டமாக இருந்தது. அதுவும் கலந்து தடவும் பசை இல்லை, உடனே ஒட்டும் சொட்டுப் பசை. நடு முழுக்க வெற்றிடம். ஆனால் துளைக்குள் பெயின்ட் மட்டும் அழகாகப் பூசியிருந்தாய், தினேஷ். ஒரு திட்டுக்கூட விடவில்லை. வெளியே தெரிகிற வேலையில் நீ குறை வைக்கவே இல்லை. மிச்சமிருந்த கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாமே பொக்கைச் சத்தம். அவன் அன்று அந்த ஒன்றில் தப்பித்திருந்தாலும் அடுத்ததில் மாட்டியிருப்பான்.

மறுநாள் இட்லி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மாரியின் அப்பா விடியும்போதே ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். வார்டு வாசலில் அவர் உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டியில் பஸ் தூசி அப்படியே இருந்தது. நீ அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்: "நான் எத்தினி தரம் சொன்னேன் தெரியுமா பெரியப்பா? ஒட்டுனது காயணும்டா, ஷீல்டு போடுடான்னு. கேக்கவே இல்ல. அவனே ஒட்டுனான், அவனே அவசரப்பட்டு ஏத்துனான்." அந்த மனுஷர் அதைக் கேட்டுவிட்டு உன்னைக் கும்பிட்டார். "எம் பய சின்னதுலேர்ந்தே அப்படித்தான் தம்பி, பொறுமை கெடையாது. அவனால ஒங்களுக்குத்தான் எம்புட்டுக் கஷ்டம். மன்னிச்சுக்கிடுங்க" என்றார். நீ என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாய். "பரவால்ல பெரியப்பா, எங்க வூட்டுப் புள்ள மாரி" என்றாய். கண்ணைப் பறிகொடுத்தவனின் அப்பன், கண்ணைப் பறித்தவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். பறித்தவன் பெருந்தன்மையாக மன்னிக்கிறான். நான் இட்லிப் பொட்டலத்தோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாடா சொல்லிகினு கீற?" என்று கேட்டேன். "அம்மா, கம்முனு இரு. போலீஸ் கேஸ்னு ஆயிடும். போன கண்ணு திரும்ப வராது, என் லைஃபும் சேந்து போவணுமா?" என்றாய். நான் உன்னிடம் வாதாடவில்லை. நேராக அந்தப் பெரியவரிடம் போய், முந்தானையில் முடிந்துவைத்திருந்த குழாயை எடுத்து அவர் கையில் வைத்தேன். "ஐயா, உம்ம புள்ள ஒட்டல. எம் புள்ள ஒட்டுனான். நேத்து காலைல ஒட்டிட்டு முந்தாநாள் ஒட்டுனேன்னு பொய் சொன்னான். உம்ம புள்ள மேல ஒரு தப்பும் கெடையாது" என்றேன். அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே போய்க் கட்டிலருகில் நின்று, "ஏய்யா, இந்தம்மா சொல்லுதது நெசமா?" என்று கேட்டார். மாரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி, "நெசந்தான்ப்பா" என்றான். "பெறவு ஏம்ல வாயத் தொறக்கல?" "அவனே சொல்லுவான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." நீ வாசல்படியில் நின்று அதைக் கேட்டாய். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பித்தான் முதல் தடவை அந்தக் கேள்வியைக் கேட்டாய், நீ ஒரு அம்மாவா என்று. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு போனாய். ஓசூரில் வேலை கிடைத்தது என்று உன் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பெரியவர் போலீசுக்குப் போகவில்லை. "கேசு போட்டா கண்ணு மொளைக்குமா?" என்று சொல்லிவிட்டு மகனை ஊருக்கு அழைத்துப்போனார். போகவில்லை என்பதால் உனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அவனுக்கு நடந்ததைக் கேள். அவனுக்கென்று பேசிவைத்திருந்த மாமன் மகளை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். ஊரில் வேலை இல்லை. திரும்பி வந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி கம்பெனியாக ஏறினான். கேட்டிலேயே முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கடைசியில் ஒருநாள் பையோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். "ஒங்க மேல பாசத்துல வரல. எனக்கு வேற போக்கெடம் இல்ல. அந்த லேத்துல பாதி என்னுது" என்றான். உள்ளே வா என்றேன்.

நாங்கள் அம்மாவும் பிள்ளையுமாக வாழ்கிறோம் என்று கற்பனை செய்துகொள்ளாதே. அவன் தங்கமான பையனாகத் திரும்பி வரவில்லை. ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாது என்பது எனக்கு அவனைப் பார்த்துத்தான் தெரிந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே ஊற்றுவான். டிரில் முனையைக் கட்டையின் நடுவில் வைக்கப் பார்ப்பான், விரற்கடை தள்ளி விழும். ஆத்திரத்தில் கட்டையைத் தூக்கி எறிவான். ஒருமுறை நான் வைத்த சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிட்டு, "ஒங்க மவனுக்கு வடிச்சத எனக்குப் போடாதீக" என்றான். நானும் விடவில்லை. "ஒரு கண்ணு போச்சு, இன்னொண்ணு கீது இல்ல? அத வெச்சிகினு இத நீயே பொறுக்கு" என்றேன். சிதறிய சோற்றை அவன் பொறுக்கினான். அடிக்கடி இப்படித்தான் எங்களுக்குள். துளைபோடுவதற்கு மரத்தில் ஒரு தாங்கியை அடித்து, கண்ணை நம்பாமல் கை தடவிப் பழக அவனுக்கு ஒரு வருஷம் போல ஆனது. இப்போது கடைவது அவன். ஒட்டுவது நான், வேறு யாரையும் ஒட்ட விடுவதில்லை. ஒவ்வொரு குழாயையும் தேய்த்து, பசை தடவி, திருகித் தள்ளி, மறுநாள் தட்டிப் பார்த்துத்தான் அவன் கையில் கொடுக்கிறேன். அவன் அதை வாங்கி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், இன்னொரு முறை தட்டிப் பார்க்கிறான். என்னை அவன் இன்றைக்கும் நம்புவதில்லை. உன்னைப் பெற்றவள் ஒட்டியதை எப்படி நம்புவான்?

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம், அத்தனை நாளுக்கு அப்புறம், உன் போன் வந்தது. மணிமங்கலத்தில் பெண் பார்த்திருக்கிறது, வல்லக்கோட்டையில் கல்யாணம் என்றாய். என் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. அடுத்த மூச்சில், "வந்து முன்னாடி உக்காந்துட்டுப் போ. மாரி வரக் கூடாது. பொண்ணு வூட்டாரு யாரு இன்னா கேட்டாலும் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானாக யார் வீட்டுக்கும் போய்ச் சொல்லவும் இல்லை. இதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் எழுதிவைக்கிறேன்.

அவள் தானாக வந்தாள். ஒரு சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து, கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். "நான் சுகன்யா. அத்தையப் பாக்கணும்" என்றாள். கதவைத் திறந்த மாரியின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டவள், உடனே பார்வையை மாற்றிக்கொண்டாள். உள்ளே வந்து உட்கார்ந்தவள் என்னையே உற்றுப் பார்த்தாள். நான் காபி கலந்தேன், அவள் ஊரைப் பற்றிக் கேட்டேன், வேலையைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க நல்லாதான பேசறீங்க?" என்றாள். "இன்னாமா அப்படிக் கேக்கற?" என்றேன். "இல்ல அத்த… உங்களுக்கு மனசு சரியில்லன்னு சொன்னார். மாத்திரை சாப்புடறீங்களாம். யாரோ வாடகைக்கு வந்தவன் உங்கள ஏமாத்தி வூட்ட புடிச்சிகினு கீறான், அதனாலதான் நான் அந்தப் பக்கமே போறதில்லன்னு சொன்னார்." வாசலில் நின்ற மாரி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் இரக்கம் இல்லை. "பாத்தியளா? அவன் பொய்யால இப்ப ஒங்களுக்கும் ஒரு கண்ணு போச்சு" என்றான்.

அதற்குப்பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. இந்தக் கடிதத்தில் எழுதியதை எல்லாம் அவளிடம் சொன்னேன். துண்டால் கட்டி அழைத்துவந்ததையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து மாரியிடம், "இதெல்லாம் நெசமாண்ணா?" என்றாள். "நான் சொன்னா எப்படி நம்புவிய? எனக்குத்தான் அவன ஆகாதே. அவன்ட்டயே கேளுங்க" என்றான் அவன். அவள் தலையை ஆட்டினாள். "கேக்கறேன். ஞாயித்துக்கெழம வரார். கண்ணு போனத நான் பெருசா எடுத்துக்க மாட்டேன் அத்த, தப்பே பண்ணாதவனத்தான் கட்டிக்கணும்னா நான் யாரக் கட்டிக்கறது? இப்பவாச்சும் ஒத்துக்கறாரான்னு பாக்கணும். ஆனா நான் இங்க வந்தது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா எனக்கு எது புடிக்குமோ அதத்தான் சொல்லுவார். நீங்க போன் பண்ணிச் சொல்லிடாதீங்க." சொல்ல மாட்டேன் என்றேன். அவள் வண்டி திரும்பியதும் மாரி சொன்னான்: "சொல்லிருவிய. பெத்த மனசு எங்க கேக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் உனக்குப் போன் செய்தது நினைவிருக்கிறதா? பஸ்ஸில் இருந்தாய். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இன்னாமா, சீக்கிரம் சொல்லு" என்றாய். சொல்வதற்குத்தான் அடித்தேன். அவள் கேட்பாள், உள்ளதைச் சொல்லிவிடு என்று ஒரு வரி. அது போதும், நீ பிழைத்திருப்பாய். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நீ உண்மையைத்தான் சொல்லியிருப்பாய், அழகாகச் சொல்லியிருப்பாய், அவளும் நம்பியிருப்பாள். அந்த உண்மை உன்னுடையதாக இருந்திருக்காது. அப்புறம் ஒருநாள் அவள் வாழ்க்கையில் ஏதோ ஒன்றை நீ மூடி மறைத்து, பழியையும் அவள் தலையில் வைத்து, அவள் அப்பா உன்னைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிற நாள் வரும். "சாப்டியா?" என்று கேட்டேன். "சாப்டேன், வைக்கவா?" என்றாய். வை என்றேன்.

சாயங்காலம் சுகன்யா பேசினாள். "அவன் குடிச்சிட்டு லேத் ஓட்டுனான், நான் எவ்ளோ தடுத்தும் கேக்கலன்னு சொன்னார் அத்த. ஆஸ்பத்திரில பக்கத்துலயே இருந்து பாத்துகிட்டாராம். அதுலேருந்துதான் உங்களுக்கு மூள கலங்கிடுச்சாம். நான் ரெண்டாந்தரம் கேட்டேன். உள்ளதச் சொன்னா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்னுகூட சொன்னேன். கண்ணுல தண்ணி வந்துச்சு அவருக்கு. அழுதுகினே அதையேதான் மறுபடியும் சொன்னார்." மன்னிச்சுக்கங்க அத்த, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? மாரியிடம் சொன்னேன். லேத்தை நிறுத்தினான். சிரிப்பான், இல்லை ஏதாவது குத்தலாகச் சொல்வான் என்று பார்த்தேன். "ரெண்டாவது தடவையுமா?" என்று மட்டும் கேட்டான். அப்புறம் ஷெட்டைப் பூட்டிவிட்டு எங்கேயோ நடந்து போனான்.

ஆகவே தினேஷ், நீ கேட்ட கேள்விக்கு முழுப் பதில் இதுதான். சுகன்யா கேட்டபோது உனக்குக் கதவு இரண்டு முறை திறந்திருந்தது, இரண்டு முறையும் நீயே சாத்தினாய். அது உன் கணக்கு. ஆனால் ஒன்று என் கணக்கில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. உன்னைக் காப்பாற்றும் ஒரு வரி அன்று காலை என் வாயில் இருந்தது. பெற்றவள் நான், தெரிந்தே அதை விழுங்கினேன். நாளைக்கு அதே பஸ்ஸில் நீ இருந்து, அதே போன் என் கையில் இருந்தாலும் மறுபடி விழுங்குவேன். அதற்காக என்னை வெறுத்துக்கொள். அது நியாயமான வெறுப்பு, நான் வாங்கிக்கொள்கிறேன். வேறு எதற்காகவும் என்னை வெறுக்க உனக்கு உரிமை கிடையாது.

உன்னைப் பெற்றவள்